கியர் மாற்றும் கை

எம்.கே.பி. நகரிலிருந்து வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலை வழியாகச் சென்றால் சோழவரம் வரும். ஏரியால் பெயர்பெற்ற அவ்வூருக்கு மற்றொரு பெருமையும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்கென அமைந்த ஓடுபாதை, பின்னர் மோட்டார்ப் பந்தயக் களமாயிற்று. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் அங்கே பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் கண்டது.

விமான ஓடுபாதை நேரானது. அதன் கோடியில் வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்க வேண்டும். வளைவு நீங்கியதும் ஏற்ற வேண்டும். எஞ்சின் தன் முழு ஆற்றலையும் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் தரும். அந்த எல்லைக்குள் அதை நிறுத்தி வைப்பதே கியரின் பணி. எனவே வெற்றியும் தோல்வியும் ஓட்டுநரின் கையிலும், கிளட்சை மிதிக்கும் காலிலும் இருந்தன.

தானே கியர் மாற்றும் பெட்டி அப்போது இல்லாமல் இல்லை. 1940-ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே ஹைட்ராமேட்டிக் என்னும் அமைப்பு வந்துவிட்டது. ஆயினும் பந்தய வீரர் அதை நாடவில்லை. காரணம் யாது? எண்ணெயின் வழியே ஆற்றல் கடந்து செல்கையில் அதில் ஒரு பகுதி வீணாயிற்று; அன்றியும், வளைவு வரப்போவதைக் கண்ணுள்ள ஓட்டுநர் அறிவார், பெட்டி அறியாது.

இந்நிலையில் 1989-இல் ஒரு புதுமை நிகழ்ந்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி காரில், ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னுள்ள சிறு துடுப்பை விரலால் இழுத்தாலே கியர் மாறியது. பிரேசில் பந்தயத்தில் அக்காரை ஓட்டிய நைஜல் மான்செல், அதன் முதற்போட்டியிலேயே வென்றார். எப்போது மாற்றுவது என்னும் முடிவு மனிதனிடம் நின்றது. மாற்றும் உழைப்பு மட்டும் இயந்திரத்திற்குச் சென்றது. 2005-இல் ஃபார்முலா ஒன் களம் புகுந்த முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் இத்தகைய துடுப்புக் கியரையே கையாண்டார்.

ஆகவே, நேயர்களே, கையால் மாற்றுவது வீரம், தானியங்கி சோம்பல் என்று கூறுதல் பொருந்தாது. ஓய்வு நாளில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவருக்குக் கியர் ஓர் இன்பம். அவர் அதைக் கையால் மாற்றி மகிழலாம். 1948-இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பின்பு அசோக் லேலண்ட் ஆகி, லாரிகளையும் பேருந்துகளையும் ஆக்கித் தந்தது. அத்தகைய கனவண்டியில் சரக்கேற்றி, துறைமுகத்திற்கு ஊர்ந்து செல்லும் நெரிசலில் ஓயாது கிளட்ச் மிதிக்கும் தொழிலாளிக்கோ, அது முழங்காலின் வலி. எந்தப் பெட்டி சிறந்தது என்று கேட்குமுன், யாருக்கு, எவ்வேலைக்கு என்று கேட்பதே அறிவுடைமை.