குணங்குடியார் பாடல்களில் சுவனக் கோட்பாடு

முன்னுரை

தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் சுவர்க்கம், சுவனம், சுவனபதி ஆகிய சொற்கள் 'ஜன்னத்' என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடாக வழங்குகின்றன. ஜன்னத் என்பதன் நேர்ப்பொருள் தோட்டம். மறைத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததால், மரச்செறிவு மூடிய இடம் என்ற குறிப்பும் அதில் உண்டு. வடசென்னையின் இராயபுரத்தில் வாழ்ந்து மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடல்கள் இக்கோட்பாட்டை எவ்வாறு கையாள்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவரை 'இஸ்லாமியத் தாயுமானவர்' எனக் கூறி அமையும் வழக்கம் ஆய்வுலகில் நெடுநாளாக உள்ளது. அவ்வழக்கம் அவர் பாடல்களின் இஸ்லாமிய வேரை மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

துறக்கமும் வீடும்

இஸ்லாம் தமிழுக்கு வந்தபோது மறுமை இன்பத்தைச் சுட்ட இங்கே இருவகைச் சொற்கள் இருந்தன. துறக்கம், வானுலகு, சுவர்க்கம் என்பவை நல்வினைப் பயனை நுகரும் இடங்கள். பயன் தீர்ந்ததும் உயிர் மீண்டும் பிறவிக்குத் திரும்பும். வீடு, முத்தி என்பவை மீளாநிலை. ஆனால் அங்கே நுகர்பொருள் என ஒன்றில்லை.

ஜன்னத் இவ்விரண்டிலும் அடங்காதது. குர்ஆன் 47:15 அதில் நீர், பால், மது, தேன் ஆகிய நால்வகை ஆறுகளைக் கூறுகிறது. 55ஆம் அத்தியாயமான 'அர்ரஹ்மான்' இரண்டு தோட்டங்களையும், அவையன்றி வேறு இரண்டு தோட்டங்களையும், அவற்றின் ஊற்றுகளையும் கனிகளையும் விரிக்கிறது. இவை நுகர்ச்சிக்குரியவை, எனினும் அங்குப் புகுந்தோர் என்றென்றும் தங்குவர் என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் செய்தி. வினைப்பயன் தீர்ந்து மீளுதல் என்ற பேச்சே அங்கில்லை. எனவே சுவர்க்கம் என்ற சொல்லை எடுத்தாண்ட முஸ்லிம் புலவர்கள், அதன் இன்பத்தை ஏற்றுக்கொண்டு அதன் நிலையாமையை விலக்க வேண்டியிருந்தது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா வினாவிடை அமைப்பில் சுவர்க்க நரகச் செய்திகளை விளக்குகிறது. நபிகளாரின் விண்ணேற்றத்தைப் பாடும் மிகுராசு மாலையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஊட்டும் பணியில் இத்தகைய நூல்களுக்குப் பெரும்பங்குண்டு.

இராயபுரத்து வாழ்வு

குணங்குடியாரின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடி அவர் பிறந்த ஊர். கீழக்கரை தைக்கா சாகிபுவிடம் கல்வி பயின்று, இளமையிலேயே துறவு பூண்டு, பல இடங்களில் திரிந்தபின் இராயபுரத்தில் தங்கினார். 1838இல் மறைந்தார் என்பது பெருவழக்கான செய்தி. இராயபுரம் இரயில் நிலையம் திறக்கப்பட்டது 1856இல். துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது 1870களில். ஆகவே அவர் கண்ட இராயபுரம் இன்றைய சரக்குந்துகளின் இராயபுரம் அன்று.

தொண்டியாரான அவர் பெயராலேயே தண்டையார்பேட்டை அமைந்தது என்னும் செவிவழிச் செய்தி நூல்களிலும் இடம்பெற்றுவிட்டது. இதனை ஏற்பதற்கில்லை. 1693இல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றுடன் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற ஊர்களுள் தண்டையார்பேட்டையும் ஒன்று. அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அப்பெயர் வழங்கியிருக்கிறது. இருப்பினும் ஓர் ஊரின் பெயரையே அவருடையதாகக் கருதும் அளவுக்கு மக்கள் அவரை நேசித்தனர் என்பதற்கு இச்செய்தி சான்றாகும்.

தோட்டத்தினும் பெரியது

பராபரக்கண்ணி, றகுமான் கண்ணி, நிராமயக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி எனத் தொடரும் அவர் பாடல்களில் ஆறுகளும் கனிகளும் நிறைந்த சுவன வருணனை முதன்மை பெறவில்லை. இறைவனைக் காணும் ஏக்கமே மேலோங்கி நிற்கிறது. வளிநிலை, தியானநிலை, சமாதிநிலை போன்ற தலைப்புகள் யோக மரபுக்குரியவை. பராபரக்கண்ணி என்ற பெயர் தாயுமானவரிடமும் உண்டு. இவற்றைக் கொண்டு, அவர் இஸ்லாமியச் சுவனத்தைக் கைவிட்டுத் தமிழ்ச் சித்தர் நெறிக்குப் பெயர்ந்தார் என முடிவு செய்வது எளிது. அம்முடிவு பொருந்தாது.

குர்ஆன் 9:72 சுவனத் தோட்டங்களையும் தூய உறைவிடங்களையும் வாக்களித்த உடனேயே, அவற்றினும் பெரியது இறைவனின் திருப்பொருத்தம் என்கிறது. 75:22-23 அந்நாளில் சில முகங்கள் ஒளிர்ந்து தம் இறைவனை நோக்கியிருக்கும் எனக் கூறுகிறது. இக்காட்சி எத்தன்மையது என்பதில் பழைய இறையியலார் வேறுபட்டனர். முஃதசிலாக்கள் கண்ணால் காண்டலை மறுத்தனர், அஷ்அரிகள் ஏற்றனர். சுவன இன்பங்களுள் தலையாயது இறைகாட்சியே என்பது சூஃபியர் ஊன்றிநின்ற கொள்கை. சுவனத்தைக் கொளுத்தத் தீப்பந்தமும் நரகை அணைக்க நீரும் ஏந்திச் சென்றதாக, 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ராபிஆவைப் பற்றி வழங்கும் கதை இக்கொள்கையின் உச்சம். கூலி கருதாத அன்பே அவர் வேண்டியது.

குணங்குடியார் நின்ற இடமும் இதுவே. அப்துல் காதிர் ஜீலானியைப் போற்றி முகியித்தீன் சதகம் பாடிய ஒருவர் சூஃபிக் கொள்கையை அறியாதவராக இருந்திருக்க இயலாது. மனோன்மணிக்கண்ணியில் இறைவன் காதலியாகிறான், பாடுபவர் காதலன். இறைவனைத் தலைவனாகவும் உயிரைத் தலைவியாகவும் கொள்ளும் தமிழ்ப் பத்தி மரபுக்கு இது மாறானது. பாரசீக சூஃபிக் கவிதைக்கு அணுக்கமானது. 'மனோன்மணி' என்ற பெயர் மட்டுமே இங்குள்ளது. றகுமான் கண்ணியின் பெயர், சுவனத் தோட்டங்களை விரிக்கும் அத்தியாயத்தின் பெயரோடு ஒத்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். அதன்மீது வாதம் எழுப்ப வேண்டியதில்லை.

முன்னோர் சுவர்க்கம் என்ற சொல்லை எடுத்துத் திருத்தினர். குணங்குடியாரோ வீடு, வெளி, பரம் என்னும் மறுதொகுதிச் சொற்களை எடுத்துக்கொண்டார். மீளாமை அச்சொற்களில் ஏற்கெனவே இருந்ததால் அவற்றைத் திருத்த வேண்டிய தேவை எழவில்லை. கனிகளும் ஆறுகளும் அவற்றில் இல்லாதது அவருக்குக் குறையாகவும் தோன்றவில்லை. அவர் நாடியது தோட்டத்தை அன்று, அதற்குரியவனை. வீரசைவரான திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடியதற்கு இச்சொற்றேர்வும் ஒரு காரணமாகலாம். அவர் செவிக்கு வீடுபேறாகக் கேட்ட அதே கண்ணி, கீழக்கரையிலிருந்து வந்த ஆலிமின் செவிக்கு இறைகாட்சியாகக் கேட்டிருக்கும்.