கடைப்பெயர் போட்ட காலண்டர்

காவிரிப் படித்துறைகளில் ஆடிப்பெருக்குக் கூட்டம் நிரம்பும் அதே நாளில், சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடுகிறார்கள். ஜனவரி பிறக்க இன்னும் ஐந்து மாதம் கிடக்கும். ஆனாலும் கடைத்தெருவுக்குப் புது வருஷம் அன்றைக்கே தொடங்கிவிடும். பூஜை முடிந்த ஆல்பம் எங்களைப் போல ஆர்டர் பிடிக்கிறவர்கள் கைக்கு வரும். முனை மடங்காமல் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவோம். எனக்குத் திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம். சின்ன வயசில் என் மாமாவுக்குப் பை தூக்கிக்கொண்டு போனவன் நான். அவருக்குக் கால் தளர்ந்ததும் அந்த லைன் எனக்கு வந்தது.

பண்டிகைக் காலத்தில் வியாபாரத்தைப் பெருக்க என்ன செய்யலாம் என்று சின்னக் கடைக்காரர்களுக்கு இப்போது நிறையப் பேர் யோசனை சொல்கிறார்கள். தள்ளுபடி, பரிசுக் கூப்பன், செல்போனில் வாழ்த்துச் செய்தி. எல்லாம் நல்லதுதான். ஆனால் நூறு வாடிக்கை மட்டுமே உள்ள மளிகைக் கடைக்கும் கட்டுப்படியாகிற விலையில், வருஷம் பூராவும் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஒன்றைத் தமிழ்நாட்டுக் கடைத்தெரு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்துவிட்டது. அது எப்படி வந்தது, எதனால் நிலைத்தது என்பதை நான் நின்று பார்த்த இடத்திலிருந்து எழுதிவைக்க ஆசைப்படுகிறேன்.

சிவகாசிக்கு அச்சுத் தொழில் தீப்பெட்டியின் பின்னால் வந்தது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்வதற்காகக் கல்கத்தா போனார்கள். மறு வருஷம் திரும்பிவந்து ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். பிறகு பட்டாசு வந்தது. இரண்டுக்குமே லேபிள் வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் சேவல், மயில், அணில் என்று படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கிய காலம் அது. படம் பளிச்சென்று இல்லாவிட்டால் சரக்கு நகராது. லேபிளை வெளியூரில் அடித்து வாங்கிக் கட்டுப்படியாகாது என்று லித்தோ அச்சகங்கள் உள்ளூரிலேயே முளைத்தன. மழை குறைந்த பூமி. காற்றில் ஈரம் இல்லாததால் தீக்குச்சிக்கும் நல்லது, மை காய்வதற்கும் நல்லது. பல வண்ணம் அடிக்கிற மெஷினும் ஆளும் கையில் இருக்கும்போது லேபிளோடு நின்றுவிடுவார்களா? தீபாவளி லேபிள் வேலை ஓய்கிற நேரத்தில் புது வருஷக் காலண்டர் வேலை சூடு பிடிக்கும். இரண்டு பண்டிகையையும் ஒரே மெஷின் தாங்கியது.

வீட்டுச் சுவரில் சாமி படம் மாட்டுகிற பழக்கம் அதற்கும் முந்தியது. 1894இல் ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் இங்கேயும் வந்து சேர்ந்திருந்தார்கள். ஜெர்மனியில் அச்சடித்து வந்த படங்களும் புழங்கின. ஆனால் நம் சுவர்களில் இன்றைக்கும் நாம் கும்பிடுகிற முருகனுக்கும் மீனாட்சிக்கும் முகம் கொடுத்தவர்களைத் தேடினால் கோவில்பட்டிக்குத்தான் போகவேண்டும். சி. கொண்டைய ராஜு அங்கே இருந்தார். 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணரின் ஆசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கம்பெனி கலைந்தபோது கோவில்பட்டியிலேயே தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு ஓவியக் கூடம் நடத்தினார். சிவகாசி அங்கிருந்து பக்கம்.

அவருடைய படங்களை ஆல்பத்தில் புரட்டிக் காட்டியே வயிறு வளர்த்தவன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நாடகத் திரை எழுதிய கை அது என்பது பார்த்தவுடன் தெரியும். சாமி நேராக நம்மைப் பார்க்கும். பின்னால் தூணும் திரைச்சீலையும் மேகமும் அடுக்கடுக்காக விரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் முகம் தெரியவேண்டும் என்று எழுதிய பழக்கம், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கூடத்தின் மூலையிலிருந்து பார்க்கிற பாட்டிக்கும் உதவியது. இதை மலிவான கலை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அதில் ஒருநாளும் சம்மதம் இல்லை. 1976இல் அவர் காலமானார். சீடர்கள் தொடர்ந்து வரைந்தார்கள். தேதி போனபின்னும் மனசு வராமல், படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிய வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். வெட்டும்போது கீழே உள்ள கடைப்பெயரைப் பலர் வெட்டுவதில்லை. மூடிப்போன கடைகளின் பெயர்கள் அப்படித்தான் பூஜை அறைகளில் இன்னும் இருக்கின்றன.

இந்தப் படம் சின்னக் கடைக்காரருக்கு எப்படிக் கட்டுப்படியானது என்பதில்தான் சிவகாசியின் சாமர்த்தியம் இருக்கிறது. படத்தை யாருக்கென்றும் இல்லாமல் மொத்தமாக அடித்து வைத்துவிடுவார்கள். கீழே ஒரு பட்டை காலியாக விட்டிருக்கும். ஆர்டர் வந்தபின் அந்த இடத்தில் கடைப்பெயரை மட்டும் தனியாக அடிப்பார்கள். நாங்கள் அதை ‘மேட்டர்’ என்போம். பல வண்ணப் படத்தின் செலவை ஆயிரக்கணக்கான கடைகள் ஒன்றையொன்று அறியாமலே பங்கு போட்டுக்கொள்ளும். மாமா காலத்தில் வெற்று அட்டையாக வாங்கிவந்து உள்ளூர் டிரெடில் அச்சகத்தில் பெயர் போட்டுக்கொடுத்ததும் உண்டு. காலால் மிதித்துக்கொண்டே ஒவ்வொரு அட்டையாக உள்ளே கொடுத்து எடுக்கவேண்டும். மார்கழி மாதம் முழுக்க அந்த அச்சகங்களில் ராத்திரி வெளிச்சம் அணையாது.

படம் சுவருக்கு அழைத்துப்போகும். சுவரிலேயே இருக்கவைத்தது நாள்தாள்தான். தினசரிக் காலண்டரின் ஒரு வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்துப் பாருங்கள். நடுவில் பெரிய எண்ணில் தேதி. மேலே தமிழ் வருஷம், மாதம், தமிழ்த் தேதி. ஹிஜ்ரி தேதி ஒரு ஓரம். திதி, நட்சத்திரம், யோகம். ராகு காலம் 10.30 முதல் 12 வரை. சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். சந்திராஷ்டமம் எந்த நட்சத்திரத்துக்கு என்று ஒரு வரி, பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல்லில் பலன். பஞ்சாங்கம் பார்க்க ஐயரைத் தேடிப்போன குடும்பத்துக்கு அது உள்ளங்கை அகலத் தாளில் தினமும் வீட்டுக்கே வந்தது. அந்தத் தாளைக் கிழிக்கக் கை நீளுகிற ஒவ்வொரு காலையும் கண் கடைப்பெயர்மேல் பட்டே தீரும். கிழித்த தாளும் வீணாகாது. திருநீறு மடிக்க, பால் கணக்கு எழுத, பிள்ளைகள் கூட்டல் போட என்று அதற்கும் வேலை இருந்தது.

என் லைனில் ஒரே நாளில் மூன்று விதமான பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கும். வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 வரை திருவிழா. அதுவரை எந்தக் கடைக்காரருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. கொடி இறங்கியபின் போனால் உட்காரவைத்து மாதா படம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நாகூரில் தர்காவோ மக்கா மதீனாவோ போட்ட அட்டை, உள்ளே தொழுகை நேரம். திருவாரூரில் மளிகைக்கு லட்சுமி, அரிசி மண்டிக்குப் பிள்ளையார், மருந்துக் கடைக்குச் சிரிக்கிற குழந்தை, உரக்கடைக்குப் பச்சை வயல். பெரியார், அண்ணா படம் கேட்கிற கடைகளும் உண்டு. சாமி கும்பிடாத ஒரு இரும்புக்கடை முதலாளி எப்போதும் திருவள்ளுவரைத்தான் எடுப்பார். ராகு காலம் இல்லாத தாள் போடட்டுமா என்று மாமா கேட்டதற்கு, “எனக்கு வேண்டாம்தான். வாங்கிட்டுப் போறவங்க பாப்பாங்கல்ல, இருக்கட்டும்” என்றார். வியாபாரத்தைப் பற்றி நான் கேட்ட நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

படம் எடுத்தபின் எத்தனை என்று முடிவு செய்யவேண்டும். இந்த இடத்தில் பல முதலாளிகள் பழைய கணக்கு நோட்டை எடுத்து ஆளை எண்ணுவார்கள். மாதச் சாமான் வாங்குகிற வீடு, கல்யாணத்துக்கு மொத்தமாக எடுத்தவர், கடன் நின்றாலும் முகம் காட்டுகிறவர், கடைக்கு இடம் கொடுத்தவர், போஸ்ட்மேன், லோடு இறக்குகிற ஆட்கள். யாருக்குத் தினசரி, யாருக்கு டின் பட்டி அடித்த மாதக் காலண்டர் என்று பிரிப்பார்கள். “போன வருஷம் மேலத்தெரு அம்மாவுக்கு விட்டுப்போச்சு தம்பி, பத்து சேத்துப் போடு” என்பார் ஒருவர். விட்டுப்போன அம்மா அடுத்த மாதமே வேறு கடையில் பற்று வைத்திருப்பார். காலண்டர் கிடைக்காததை மனிதர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். கிடைத்தவர், இந்தக் கடைக்கு நாம் வேண்டியவர் என்று தெரிந்துகொள்வார். விளம்பரம் என்ற வார்த்தையை என் பழைய பார்ட்டிகள் யாரும் சொன்னதில்லை. மரியாதை என்பார்கள். அதனால்தான் பையன் கையில் கொடுத்தனுப்பாமல் முதலாளியே சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, இரண்டு கையாலும் நீட்டுவார்.

இந்தத் தொழிலின் பருவம் ஆடியில் தொடங்கித் தையில் முடிவதால், நாட்டிலும் வானத்திலும் அந்த மாதங்களில் நடப்பதெல்லாம் எங்கள் தலைமேல்தான் விழும். 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. தாள்கள் அதற்கேற்ப மாறின. 2011 ஆகஸ்டில் அந்தச் சட்டத்தை விலக்கிச் சித்திரைக்கே திரும்பியபோது நாங்கள் ஆல்பத்தோடு ஊரில் சுற்றிக்கொண்டிருந்தோம். பார்க்கிற கடையிலெல்லாம் முதல் கேள்வி, “தாள்ல எதப் போடப்போறீங்க?” 2016 நவம்பர் 8இல் ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது ஆர்டர் இருந்தது, அட்வான்ஸ் கொடுக்கக் கடைக்காரர் கையில் செல்லும் நோட்டு இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. தென்னையெல்லாம் வேரோடு விழுந்த ஊர்களில் ஆர்டரைப் பாதியாக்கினார்கள். ஆனால் யாரும் அறவே நிறுத்தவில்லை.

2004 டிசம்பர் 26ஐத் தனியாகச் சொல்லவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கடலுக்குப் பலியானார்கள். காலண்டர் பண்டல்கள் லாரியில் வந்து கடைகளில் இறங்கியிருந்த வாரம் அது. அக்கரைப்பேட்டை மீனவக் குடும்பங்களுக்குப் பற்று வைத்துச் சாமான் போட்டுவந்த ஒரு மளிகைக் கடையில் பண்டல் பிரிக்காமலே கிடந்தது. நான் பாக்கி கேட்கப் போகவில்லை. பார்க்கப் போனேன். அவர் நோட்டைத் திறந்து வைத்திருந்தார், எந்தப் பெயர்மேலும் கோடு போடவில்லை. தை பிறந்தபின் பண்டலைத் தூக்கிக்கொண்டு முகாம்களுக்கே போனார். “நிவாரணம் வாங்க, திதி பாக்க, எல்லாத்துக்கும் தேதி வேணுமே” என்றார். இருக்கிற வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். கூடாரக் கம்பில் மாட்டினார்கள்.

பெரிய கடைகள் வந்தபின் இந்த வழக்கம் செத்துப்போகும் என்றார்கள். செல்போனிலேயே ராகு காலம் பார்க்கலாம் என்றார்கள். 2020இல் கொரோனா ஆர்டர்களைச் சரித்தது. அச்சகங்கள் ஆட்களைக் குறைத்தன. அதெல்லாம் உண்மை. ஆனால் நான் பார்த்தவரை காலண்டரைக் கைவிட்டவர்களில், வாடிக்கையாளரின் பெயர் தெரியாத கடைகளே அதிகம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கடை இன்னும் போடுகிறது. பெரிய கடை நாளிதழில் முழுப்பக்கம் கொடுக்கும். அதை மறுநாள் யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

மாமா சேர்த்துவைத்த மாதிரி அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. படத்தை விட்டுவிட்டுக் கீழ்ப்பட்டையை மட்டும் வரிசையாகப் படித்தால் கடைத்தெருவின் சரித்திரம் வருகிறது. ஆதியில் கடைப்பெயரும் தெருவும் மட்டும். பிறகு மூன்று இலக்கத்தில் போன். அப்புறம் எஸ்.டி.டி. கோடு. அதன்பின் செல் நம்பர் இரண்டு, அப்பாவுடையதும் மகனுடையதும். இப்போது வாட்ஸ்அப் எண்ணும் பணம் அனுப்புகிற கியூஆர் கட்டமும். திருத்துறைப்பூண்டியில் தையல் கடையும் ரெடிமேட் துணியும் வைத்திருக்கிற ஒரு பெண் இந்த ஆடியில் புதிதாக ஆர்டர் கொடுத்தார். நூறு தினசரி, படம் குழந்தைக் கோலத்தில் முருகன். யார் யாருக்கு என்பதை நோட்டில் எழுதாமல் போனில் பட்டியலாக வைத்திருந்தார். ப்ளவுஸ் அளவோடு சேர்த்து ஒவ்வொருவர் பெயரும் அதில் இருந்தது. வாட்ஸ்அப் எண் கடைப்பெயர் அளவுக்குப் பெரிதாக வரவேண்டும் என்றார். “இடம் பத்தாதும்மா, முருகர் பாதத்துல இடிக்கும்” என்றேன். “அப்ப கடைப்பேரச் சின்னதாக்குங்கண்ணே, என்னைத்தான் எல்லாருக்கும் தெரியுமே” என்றார். அந்த மேட்டருக்குப் புரூஃப் இன்னும் சிவகாசியிலிருந்து வரவில்லை.