மச்சா தெரியும், சாசென் தெரியுமா? ஜப்பானியத் தேநீர்க் கருவிகளின் பெயர்கள்

கேமரன் மலை – நண்பனை ‘மச்சா’ என்று அழைக்காத மலேசிய இளைஞர் அரிது. அதே ஒலியில் வரும் ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளும் நம் நாட்டு உணவகங்களில் இடம்பிடித்துவிட்டது. உறவுமுறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜப்பானிய மொழியில் மச்சா என்றால் தூளாக அரைத்த தேயிலை.

அதிலுள்ள ‘சா’தான் மற்ற பெயர்களுக்கும் சாவி. தேயிலையைக் குறிக்கும் ஒரே சீன எழுத்தைக் கேன்டனியர் ‘சா’ என்றும் ஹொக்கியென் மக்கள் ‘தே’ என்றும் ஒலித்தனர். முதலாவது சாய், சாயா என்று பரவியது. இரண்டாவது மலாயில் ‘தே’ ஆனது, தமிழில் தேயிலையிலும் தேநீரிலும் ஒட்டிக்கொண்டது. ஆகவே தோட்டத்துத் தமிழருக்கு இந்தப் பெயர்கள் முற்றிலும் அந்நியமல்ல. ‘சா’வை மச்சான் என்பதில் வரும் அழுத்தத்தோடு ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிண்ணம் சாவான். துடைக்கும் துணி சாக்கின். தூளை அள்ளும் மூங்கில் கரண்டி சாஷக்கு. ஒருமுறை அள்ளினால் ஏறக்குறைய 1 கிராம். தூள் வைக்கும் சிறு சிமிழுக்கு நாட்சுமே என்று பெயர். இலந்தை வகைப் பழம் ஒன்றின் வடிவில் இருப்பதால் அந்தப் பழத்தின் பெயரே வந்துவிட்டது. கட்டி தட்டாமல் சலிக்கும் சல்லடை, ஃபுருய்.

இவற்றில் அதிகம் கேட்கப்படுவது சாசென். ஒரே மூங்கில் துண்டைக் கீறி, 80, 100 என மெல்லிய இழைகளாக்கிச் செய்யும் கடைகோல் இது. நாரா மாநிலத்தின் தக்கயாமா கிராமம் இதற்குப் பெயர்பெற்றது. மத்தால் மோர் கடைவதுபோல் இதைச் சுழற்றக்கூடாது. மணிக்கட்டை மட்டும் அசைத்து, முன்னும் பின்னும் வேகமாக அடித்தால்தான் நுரை எழும். இரண்டு கரண்டித் தூளுக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், 80 பாகைச் சூட்டு நீர் போதும்.

அரைக்கும் கல் இஷி-உசு. ‘இஷி’ கல், ‘உசு’ நம் வீட்டுத் திரிகை. ஒரு மணி நேரம் சுற்றினாலும் 40 கிராம் அளவே கிடைக்கும். விலை ஏன் அதிகம் என்பதற்கு இது ஒரு விடை.

இன்னொரு விடை தோட்டத்தில் இருக்கிறது. 1929இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம் முதல், தமிழர் உழைப்பில் வளர்ந்த கேமரன் தேயிலை பெயர்பெற்றது கறுப்புத் தேநீருக்கு. கொழுந்தை வாடவைத்து, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டுப் பிறகு காயவைப்பார்கள். மச்சாவுக்கான தென்ச்சா இலை நேர் எதிர். பறிப்பதற்குமுன் ஏறக்குறைய மூன்று வாரம் செடிக்கு நிழல் போட்டு, பறித்த இலையை ஆவியில் அவித்து, உருட்டாமலே காயவைத்து, காம்பும் நரம்பும் நீக்குகிறார்கள். கொழுந்து பறித்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை அதிகம் விளக்கவேண்டியதில்லை. கடையில் பாக்கெட்டைப் பார்த்து வாங்குபவர்தான் ஏமாறுகிறார். சாதாரணப் பச்சைத் தேயிலையை அரைத்தாலும் பச்சைத் தூள் வரும். ஜப்பானில் அதற்கு ஃபுன்மாட்சுச்சா என்று தனிப் பெயரே உண்டு. பெரும்பாலும் மஞ்சள் கலந்த மங்கிய நிறம், துவர்ப்பும் கூடுதல். மச்சா விலை கொடுக்குமுன் ‘தென்ச்சா இலையா?’ என்று கேட்கலாம்.

சாசென் வாங்கியவர்கள், ஒவ்வொரு முறையும் இழைகளை வெந்நீரில் நனைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். சவர்க்காரம் ஆகாது. கழுவியபின் நிறுத்திவைக்கும் பீங்கான் தாங்கியின் பெயர் குசெனாவோஷி.