தவக்குலும் தடுப்பூசியும்

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணம் மேற்கொண்டு ஸர்ஃக் என்னுமிடத்தை அடைந்தபோது, அந்நாட்டில் கொள்ளைநோய் பரவியுள்ள செய்தி எட்டிற்று. தோழர்களைக் கலந்தாலோசித்த பின், மதீனாவுக்குத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியை விட்டு ஓடுவதா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். இறைவனின் ஒரு விதியிலிருந்து விலகி, அவனுடைய இன்னொரு விதியின்பாலே செல்கிறோம் என்னும் கருத்துப்பட உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள்.

எழுதியபடி நடக்கட்டும், ஊசி எதற்கு என்று நம் இல்லங்களில் எழும் பேச்சுக்கு இந்நிகழ்ச்சியிலேயே விடை இருக்கிறது. டைபாய்டு தடுப்பூசியின் வரலாறு அவ்விடையை மேலும் தெளிவாக்குகிறது.

குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டு, நோயாளியின் மலத்தோடு வெளிப்படும் கிருமி குடிநீரிலும் உணவிலும் கலப்பதால் பரவுவதாகும். நோய் நீங்கியோருள் சிலர், தாமறியாமலே அக்கிருமியை நெடுங்காலம் சுமந்து திரிவதும் உண்டு. ஜெர்மானியரான கார்ல் எபெர்த் 1880-இல் இக்கிருமியைக் கண்டறிந்தார். 1896-இல் இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவப் பள்ளியில் ஆல்ம்ராத் ரைட் என்பார், அதனை வெப்பத்தால் கொன்று ஊசிமருந்தாக்கினார். 1898-இல் பிளேக் ஆய்வுக் குழுவின் உறுப்பினராக இந்தியாவுக்கு வந்த அவர், இங்கிருந்த படைவீரர் ஆயிரக்கணக்கானோருக்கு அதனைச் செலுத்தினார். அன்று காவல் கிட்டியது படைக்கே, இம்மண்ணின் மக்களுக்கன்று.

படையினரிடையேயும் ஐயம் நீங்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் ஊசி கட்டாயமாக்கப்படவில்லை. விரும்பி ஏற்றோர் மிகச் சிலரே. பிரிட்டிஷ் படையில் 57,000-க்கும் மேற்பட்டோரை டைபாய்டு பற்றியது. 8,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் முதல் உலகப் போரில் பெரும்பான்மையோர் ஊசியை ஏற்றனர். அதைவிடப் பன்மடங்கு பெரிய படையில் நோய் பெரிதும் குறைந்தது.

அப்பழைய ஊசி கைவலியும் காய்ச்சலும் தந்தது. பின்னர் வந்த ஒருவகை ஊசி, இரண்டு வயதுக்குட்பட்ட மழலையருக்குப் பயன்படவில்லை. கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்யப்பட்ட புதிய ஊசி, ஆறு மாதக் குழந்தைக்கும் ஏற்றதாயிற்று. தக்காணத்து ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் நிறுவனம் உருவாக்கிய அவ்வூசிக்கு 2013-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும் அதனை ஏற்றது.

அதற்குச் சற்று முன்னர், 2016-இல், பாகிஸ்தானின் சிந்து மாநிலத்து ஹைதராபாத்தில் வழக்கமான மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத டைபாய்டு தோன்றிப் பரவியிருந்தது. ஒரு ஹைதராபாத்தில் பிறந்த ஊசி, மற்றொரு ஹைதராபாத்தின் குழந்தைகளைக் காக்கச் சென்றது. 2019-இல் இத்தகைய ஊசியைத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடு பாகிஸ்தானேயாகும். நேப்பாளத்தில் சுமார் 20,000 சிறாரிடையே நடந்த ஆய்வில், இவ்வூசி நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட அளவில் நோயைத் தடுத்தது.

நம் தமிழகத்து நிலை என்ன? 2017 முதல் 2020 வரை நடந்த ஆய்வொன்றில் வேலூர், கொல்கத்தா, டில்லி ஆகிய நகர்ப்பகுதிகளில் ஓராண்டில் இலட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டுக்கு ஆளாகின்றனர் எனக் கணக்கிடப்பட்டது. புனேயை அடுத்த சிற்றூர்களிலோ அவ்வெண் 35 மட்டுமே.

இதைக் கண்டு அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடி போன்ற ஊர்களில் வாழ்வோர் கவலையற்று இருந்துவிடலாகாது. நம் பிள்ளைகள் கல்விக்கும் பிழைப்புக்கும் திருச்சிக்கும் சென்னைக்கும் செல்கின்றனர். அங்கே விடுதியில் உண்கின்றனர், கிடைத்த நீரைப் பருகுகின்றனர். ஊருக்குத் திரும்புகையில் நோயும் உடன் வரக்கூடும்.

ஊசி ஒன்றே போதும் என்றும் நாம் சொல்லவில்லை. அது முழுக் காவலன்று; டைபாய்டை ஒத்த பாராடைபாய்டை அது தடுப்பதுமில்லை. நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல், கழிவறையைப் பயன்படுத்துதல், உண்ணுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் ஆகியவை என்றும் வேண்டும். நாள்தோறும் ஐவேளை ஒளுச் செய்யும் சமுதாயத்துக்குத் தூய்மையின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

முயற்சியைக் கைவிடுவது தவக்குல் ஆகாது. செய்யத்தக்கதைச் செய்து, முடிவை இறைவனிடம் ஒப்படைப்பதே தவக்குல். குழந்தைக்கு இவ்வூசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேட்டறிவது பெற்றோரின் பொறுப்பாகும். நலம் அருள்பவன் அல்லாஹ் ஒருவனே.