பொய்ப்பற்களும் உடைமை உறவுகளும்

1815 இல் வோட்டர்லூவில் மாண்ட வீரரின் பற்கள் பிடுங்கப்பட்டு, தந்தத் தட்டுகளிற் பதிக்கப்பட்டுப் பிரித்தானியச் செல்வரின் வாய்களை அடைந்தன. செதுக்கிய தந்தம் முரசுடன் செவ்வனே பொருந்துவது அரிது. நூற்றாண்டின் நடுவில் வந்த வல்கனைட் எனும் வன்மையான இறப்பர் இந்நிலையை மாற்றியது. வாயின் அச்சிலிருந்து வார்த்த சாந்துப் படிமத்தின்மேல் அதனை அழுத்திச் சூடேற்ற, இசைவான தட்டு மலிவாகக் கிடைத்தது.

ஆயின், ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமையைக் கைக்கொண்ட குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பனி பல் வைத்தியரிடம் கட்டணம் அறவிட்டது. மறுத்தோர்மீது வழக்குத் தொடுத்தது. 1879 இல் அதன் பொருளாளர் யோசையா பேகன் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் வைத்தியராற் சுட்டுக் கொல்லப்பட்டார். காப்புரிமை 1881 இலேயே முடிவுற்றது.

இன்று சாந்தின் இடத்தைக் கணினி ஸ்கேனர் பெற்றுவருகின்றது. அதன் நுணுக்கத்தை அளப்போர், அதனை இயக்கும் மென்பொருளின் உரிமம் எவர் கையிலுள்ளது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.