கண்மாய் வண்டல் (புதுக்கோட்டை மாவட்டம்)

மழைநீர் மேட்டு நிலங்களை அரித்துக் கொண்டுவந்து கண்மாய், குளங்களின் அடியில் படியவிடும் நுண்மண்ணே வண்டல். கோடையில் அதை வெட்டி வயலில் உரமாக இடுவது புதுக்கோட்டை வட்டாரத்தின் பழைய வழக்கம். மேட்டு நிலம் இழந்த சத்து வயலுக்குத் திரும்புகிறது; கண்மாயும் தூர்ந்துபோகாமல் நிற்கிறது. இன்று உலகெங்கும் பேசப்படும் சுழற்சிப் பொருளாதாரத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து காட்டக்கூடிய மிகத் தெளிவான சான்றுகளில் இதுவும் ஒன்று.

இம்மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு எல்லாம் மழைக்காலத்தில் ஓடுபவை. 1934-இல் முடிந்த மேட்டூர் அணைத் திட்டத்தைச் சேர்ந்த கல்லணைக் கால்வாயின் தண்ணீரும் கிழக்கே அறந்தாங்கிப் பக்கத்துக்குத்தான் எட்டுகிறது. மற்ற ஊர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்களை நம்பியே பயிர் செய்தன. நிலமோ பல இடங்களில் செம்மண்ணும் சரளையும். பெய்த தண்ணீரைப் பிடித்து வைக்காது. களியும் மக்கிய தழையும் கலந்த வண்டல் அந்தக் குறையைத் தீர்த்தது.

புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் தொகுத்து வெளியிட்ட கல்வெட்டுப் பாடங்களில் குளம் வெட்டியதும் குமிழி (மதகு) வைத்ததும் பராமரிப்புக்கு நிலம் விட்டதும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆண்டுதோறும் குளத்தில் இத்தனை குழி மண் எடுக்க வேண்டும் என்று வேலையை அளந்து சொல்லும் கல்வெட்டுகளும் தமிழகத்தில் உண்டு. தூர்வாருவது அன்று ஊரின் கடமை. பின்னாளில் குடிமராமத்து என்று பெயர் பெற்றதும் அதுதான்.

அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்போது முதலில் மீன். பொன்னமராவதி, இலுப்பூர், விராலிமலைப் பகுதிகளில் இன்றும் நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடிக் கருவிகள், வலை என்று கையில் கிடைத்ததோடு சனம் மொத்தமும் சேற்றில் இறங்கும். அடிமண் காய்ந்து வெடித்தபின் வண்டல் வெட்டு. வண்டியில் ஏற்றிவந்து வயலில் குவியல் குவியலாகத் தட்டி, கோடை மழைக்குப்பின் கலைத்து உழுவார்கள். தாள் நின்ற வயல்களில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் உரத்துக்காகக் கிடை போட்டதும் இதே காலத்தில்தான்.

மண்பாண்டம் வனையும் வேளாரின் மண்ணும் கண்மாயிலிருந்தே வந்தது. மண்குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவியெடுப்புக்கு முன் பிடிமண் கொடுக்கும் சடங்கு இன்னும் இருக்கிறது: ஒரு பிடி மண் வேளார் கைக்குப் போன பிறகே அய்யனாருக்குக் குதிரை வனையத் தொடங்குவார்கள். நமணசமுத்திரம் கோயிலில் வரிசை வரிசையாக நிற்பவை இப்படி வந்த மண்குதிரைகளே.

மூட்டை உரமும் ஆழ்துளைக் கிணறும் பரவியபோது இந்தச் சுழற்சி அறுந்தது. கண்மாயை நம்பாதவருக்கு அதைத் தூர்வாரும் அக்கறையும் இல்லாமல் போனது. கண்மாய்களின் நீர்வரத்துப் பகுதிகளில் தைலமர (யூகலிப்டஸ்) காடுகள் எழுந்தன. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் இவற்றில் பலவற்றை வளர்க்கிறது. அங்கு வெட்டிய குழிகளும் வரப்புகளும் மழைநீரைக் கண்மாய்க்கு விடுவதில்லை என்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு.

மண்வளத்தை மீட்கும் முயற்சிகளில், இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 1979-இல் தொடங்கிய 'குடும்பம்' அமைப்புக்குத் தனி இடம் உண்டு. இம்மாவட்டத்தின் ஒடுகம்பட்டியில் அதன் கொழிஞ்சிப் பண்ணை, வறண்ட தரிசை மரங்களும் ஆடுமாடுகளும் தழையுரமும் கொண்டு விளைநிலமாக்கிக் காட்டியது. தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் கொழிஞ்சிச் செடியின் பெயரே பண்ணைக்கும்.

தமிழ்நாடு அரசு 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. முதல் கட்டம் 100 கோடி ரூபாய், 1,519 பணிகள். அதே ஆண்டில் வண்டலை இலவசமாக எடுக்கவும் வழிசெய்தது: நன்செய்க்கு ஏக்கருக்கு 75, புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கனமீட்டர்; மண்பாண்டத்துக்கு 60 கனமீட்டர். 2024-இல் அனுமதி வட்டாட்சியர் அளவிலேயே கிடைக்கும்படி ஆனது.

இவை வேண்டிய மாற்றங்கள்; ஆனால் போதாதவை. மண் இலவசமானாலும் டிராக்டர் வாடகை உழவர் தலையில்தான் விழுகிறது. கண்மாய்க்குத் தொலைவில் சிறு நிலம் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. வண்டல் என்று அனுமதி வாங்கிச் கட்டடங்களுக்கு நிரப்பும் சவுடு மண்ணைத் தோண்டி விற்றால் கண்மாய்க்கும் வயலுக்கும் சேர்த்தே நட்டம். வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கும் ஊர்களில் தூர்வாரிய கண்மாயிலும் தண்ணீர் சேராது; அடுத்த கோடைக்கு அள்ள வண்டலும் இருக்காது.