இந்தி பவனத்துச் சுவரும் மாணவர் கைகளும்

“சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்” என்பது நம் பாட்டிமார் வாயில் ஓயாமல் வழங்கிய பழமொழி. உடம்பைப் பேணிக்கொள் என்று சொல்லவே அவர்கள் அதனைக் கையாண்டனர். இவ்வாண்டு நம் சங்கத்தில் அப்பழமொழி நேர்ப்பொருளிலேயே வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடைபெறும் கூடத்தின் உட்சுவரில் ஓர் ஓவியம் வேண்டும் என்பதில் அன்பர் யாவரும் ஒருமனப்பட்டனர். யார் எழுதுவது என்பதில்தான் கருத்து வேறுபட்டது. பெயர்ப்பலகை எழுதுவோர் ஒருவரை அழைத்தால் இரண்டே நாளில் பளிச்சென்று முடித்துவிடுவார் என்றனர் சிலர். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு எழுதலாம் என்று நாம் சொன்னபோது, பிள்ளைகள் கைபட்டால் சுவர் பாழாகிவிடும் என்று பெரியவர் ஒருவர் அஞ்சினார். அவர் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நாம் கண்ட ஒரு சுவரின் வரலாற்றை அவருக்கும் ஏனைய அன்பர்களுக்கும் எடுத்துச் சொல்ல இம்மலரே தக்க இடம் எனக் கருதுகிறோம்.

ஹவுராவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது போல்பூர் நிலையம். அங்கிருந்து சிறிது தூரத்தில் சாந்திநிகேதனம். கவி இரவீந்திரநாதர் 1901இல் அங்கே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1919இல் கலாபவனம் என்னும் ஓவியப் பள்ளி தோன்றியது. நந்தலால் போஸ் பல்லாண்டுகள் அதன் தலைவராக விளங்கினார். மாணவர் சட்டமிட்ட படங்களை மட்டும் எழுதிப் பழகினால் போதாது, தாம் வாழும் இடத்தின் சுவர்களையும் தொட்டுப் பழக வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காக நரசிங்கலால் என்னும் கொத்தனாரை ஜெய்ப்பூரிலிருந்து வரவழைத்து, சுண்ணாம்புச் சுவரில் எழுதும் இராஜஸ்தானத்து முறையை ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே அமர்ந்து கற்குமாறு செய்தார். ஓவிய ஆசான் ஒருவர் கொத்தனாரிடம் மாணாக்கராய் அமர்ந்தது நம் நாட்டில் எங்கும் காணும் காட்சியன்று.

அங்கே கறுப்பு வீடு என்று ஒரு மாணவர் விடுதி உண்டு. 1930களில் மண்ணாலேயே எழுப்பப்பட்ட அதன் சுவர்களில் நந்தலால், இராம்கிங்கர் பைஜ் ஆகியோருடன் மாணவர்களும் சேர்ந்து புடைப்புச் சித்திரங்களை அமைத்தனர். மழையும் கறையானும் அரிக்காதிருக்க அவற்றின்மேல் தார் பூசினர். தார் என்றால் நம் இரயில்வேக்காரர்களுக்குச் சிலீப்பர் கட்டை நினைவே முதலில் வரும். அந்தத் தாரே கலைக்கும் காப்பாயிற்று என்பதைக் கண்டு நாம் பெரிதும் வியந்தோம்.

நிற்க. நாம் சொல்ல வந்த சுவர் இந்தி பவனத்தினுடையது. கலாபவனத்தில் பயின்று அங்கேயே ஆசிரியரானவர் வினோத பிஹாரி முகர்ஜி. 1904இல் பிறந்த அவருக்குப் பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணுக்கோ கிட்டப்பார்வை. அத்தகையவர் 1940இல் மாணவர் விடுதியின் உட்கூரையில் வீர்பூமிச் சிற்றூர்களின் வாழ்வை எழுதினார். 1946-47இல் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில், ஏறத்தாழ 80 அடி நீளமும் 8 அடி உயரமுமாக, இடைக்கால அடியார்களின் வாழ்வைத் தீட்டினார். இந்தி அறிஞர் ஹஜாரி பிரசாத் துவிவேதியும், கபீர் பாடல்களைத் தொகுத்த க்ஷிதிமோகன் சேனும் அந்நாளில் சாந்திநிகேதனத்தில் இருந்தவர்கள். கபீர், சூர்தாஸ், துளசிதாசர், குரு கோவிந்தசிங் என விரியும் அவ்வடியார் கூட்டத்தில் நம் ஸ்ரீபெரும்புதூர் இராமானுசரும் உள்ளார். இந்தியின் பெயர் தாங்கிய இல்லத்தில் அவரைக் கண்டபோது நாம் சற்று நேரம் பேச்சற்று நின்றோம் என்பதை மறைப்பானேன்! அடியார்களைச் சூழ்ந்து நெசவாளரும் உழவரும் படித்துறை மக்களும் ஓர் ஆறு ஓடுவதுபோல் இடையறாது செல்கின்றனர்.

இனி அச்சுவர் எழுதப்பட்ட முறையைக் காண்போம். நம் பெரியவரின் அச்சத்திற்கு விடை அங்கேதான் உள்ளது. சுண்ணாம்பை நீற்றி, நீரில் நெடுநாள் ஊறவைத்து, மணலோடு கூட்டிச் சாந்தாக்கிப் பூச வேண்டும். அது காய்வதற்கு முன்பே, பசை எதுவும் கலவாமல் வெறும் நீரில் குழைத்த நிறங்களால் எழுதியாக வேண்டும். பின்னர்ச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. நிறமும் அக்கல்லுக்குள் சிறைப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களும் ஈரச் சுண்ணாம்பின்மேல் எழுதப்பட்டவையே. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்களே இதற்கு ஆகும் என்பதால் காவிக்கல், மஞ்சட்காவி, பச்சை மண், கரி போன்றவற்றையே நாடுவர். அன்றன்று எழுதக்கூடிய அளவுக்கே சாந்து பூச முடியும். பிழை நேர்ந்தால் அழித்தெழுத இயலாது. அப்பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

எனவே இவ்வேலை ஒருவரால் ஆவதன்று. சாந்து அரைக்க ஒருவர், நிறம் குழைக்க ஒருவர், சாரத்தில் நின்று துணைபுரிய ஒருவர் எனப் பல கைகள் வேண்டும். வினோத பிஹாரி முழு அளவு மாதிரிப் படமும் வரைந்து வைத்துக்கொள்ளாமல், சிறு குறிப்புப் படங்களைக் கொண்டே நேராகச் சுவரில் எழுதினார். பார்வை குறைந்த ஆசிரியர் ஒருவர், திருத்த முடியாத சுவரில், மாணவர்களைத் துணையாக நம்பி இறங்கினார் என்றால், அவர்களைப் பற்றி அவர் என்ன எண்ணியிருக்க வேண்டும்! அவர் துணைவியார், சிற்பி லீலா முகர்ஜியும் உடன் உழைத்தார்.

துணைநின்ற மாணவர்களுள் ஒருவர் கே. ஜி. சுப்பிரமணியன். 1924இல் கேரளத்துக் கூத்துபறம்பில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்றுகொண்டிருந்தபோது 1942 போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அரசுக் கல்லூரிகளின் கதவு அடைபடவே 1944இல் சாந்திநிகேதனம் வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் பரோடாவிலும், மீண்டும் சாந்திநிகேதனத்திலும் பேராசிரியராக விளங்கினார். 1963இல் லக்னோ இரவீந்திராலயத்தின் முகப்பில் சுட்ட மண் ஓடுகளால் பெருஞ்சித்திரம் ஒன்றைப் படைத்தார். 2009இல், தம் 85ஆம் வயதில், கலாபவனத்துக் கட்டடம் ஒன்றின் புறச்சுவர்களைக் கறுப்பும் வெள்ளையுமாக நிரப்பினார். 2012இல் பத்ம விபூஷண் பெற்று 2016இல் மறைந்தார். இருபது வயதைச் சற்றே கடந்த காலத்தில் ஆசிரியரின் சாரத்தில் ஏறிய கால்கள் பின்னர் எத்தனை சாரங்களில் ஏறின, பாருங்கள்!

ஆசிரியரின் கதையோ வேறு. 1950களின் இடையில் தில்லியில் நடந்த கண் மருத்துவம் பயனளிக்காமல் போகவே எஞ்சிய பார்வையும் அவரை விட்டு நீங்கியது. ஆயினும் சாந்திநிகேதனம் திரும்பி மாணவர்க்குக் கற்பித்தார். 1972இல் கலாபவனச் சுவர் ஒன்றில், பார்வையின்றியே, வண்ண ஓடுகளால் சித்திரம் அமைத்தார். அவர் மாணவரான சத்தியஜித் ராய் அதே ஆண்டில் அவரைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்னும் படத்தை எடுத்தார்.

இந்தி பவனச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நாம் நெடுநேரம் நின்றோம். எந்தக் கோடு ஆசிரியருடையது, எங்கே மாணவர் கைபட்டது என்று பிரித்தறிய முயன்றோம், முடியவில்லை. அப்போது நம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று நினைவில் எழுந்தது. நாம் ஏழாம் வகுப்பில் பயின்ற பள்ளியில் மாணவர் நால்வர் சேர்ந்து, நடைகூடத்துச் சுவரில் காவிக்கட்டியால் ஒரு புகைவண்டி எழுதினோம். அதன் சக்கரங்கள் கோணலாகவே இருந்தன. மறுவாரம் மேலதிகாரி வருகைக்காகப் பள்ளியார் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டனர். யாரும் எங்களைக் கடிந்துரைக்கவுமில்லை, கேட்கவுமில்லை. கேட்காததே அன்று பெரிதாய் உறுத்தியது. அந்நால்வரில் மூவர் அதன்பின் தூரிகையைத் தொட்டதாகத் தெரியவில்லை. நாம் அம்மூவரில் ஒருவர்.

நம் தமிழ் வகுப்பில் இப்போது பயிலும் சிறார் வீட்டில் தமிழும், வீதியில் வேறு மொழியும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகின்றனர். சுவரில் என்ன எழுதலாம் என்று அவர்களையே கேட்டோம். ஒரு சிறுமி தன் பாட்டியின் ஊர்க் குளத்தை எழுத வேண்டும் என்றாள். அவள் அக்குளத்தைக் கண்டது இருமுறைதானாம். ஒரு சிறுவன் அக்குளத்தங்கரையிலேயே நம் காலனியின் தண்ணீர்த் தொட்டியையும் நிறுத்த வேண்டும் என்றான். இவ்விரண்டையும் ஒரே கரையில் வைக்கப் பெயர்ப்பலகை எழுதுபவருக்குத் தோன்றுமா என்பது ஐயமே.

சங்கப் பொதுக்குழு அடுத்த மாதம் கூடி முடிவு செய்யும். பெரியவர் இன்னும் இசையவில்லை. ஆனால் சென்ற ஞாயிறன்று நம் இல்லத்திற்கு வந்து, கொல்லைப்புறத்தில் பிள்ளைகள் நெருங்காதபடி பலகையிட்டு மூடிவைத்துள்ள தொட்டியைத் திறந்து பார்த்தார். சுண்ணாம்பு ஊறத் தொடங்கிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் சிறிது தண்ணீர் விட வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சென்றார்.